கிரெடிட்ஸை யாரும் ஸ்கிப் அடிக்காமல் இருக்க: சின்ன கேம் டீம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சினிமாவில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பாதித் தியேட்டர் எழுந்து போய்விடும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேமில் நிலைமை வேறு. கடைசி பாஸை (முடிவில் வரும் பெரிய எதிரியை) அடித்து முடித்தவரின் கையில் கன்ட்ரோலர் இன்னும் இருக்கிறது, கட்டைவிரல் பட்டன் மேலேயே இருக்கிறது, எதையாவது அழுத்தினால் ஏதாவது நடக்கும் என்று பல மணிநேரமாகப் பழகிப்போன மனிதர் அவர். அவர் முன்னால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஸ்கிப் பட்டனைத்தான் தேடுவார். அதே ஆளிடம் இந்தப் பெயர்களைச் சுடலாம், உருட்டலாம், இவற்றிடமிருந்து தப்பி ஓடலாம் என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்.

இது மூன்று பேரோ முப்பது பேரோ சேர்ந்து கேம் செய்துகொண்டிருப்பவர்களுக்கான வழிகாட்டி. முழுக்க நான் பிடித்துத் தொங்கப்போவது ஒரே விஷயத்தை: கிரெடிட்ஸில், அதாவது கேமைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலில், வரும் சிரிப்பு பெயரைப் படிக்க வைக்க வேண்டும். பெயரை மறைக்கிற ஜோக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். உதாரணங்களில் போர்ட்டல், அண்டர்டேல், நியர்: ஆட்டோமேட்டா எல்லாவற்றின் முடிவும் வெளியே தெரிந்துவிடும். இன்னும் விளையாடாதவர்கள் பார்த்து இறங்கவும்.

பெயர் விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்தத் துறையின் ஆரம்பகால ஜோக்குகளில் ஒன்றே பெயர் போடாததால் பிறந்ததுதான். அந்தக் காலத்தில் அட்டாரி என்ற கேம் நிறுவனம் தன் கேம்களில் புரோகிராமர்களின் பெயரைப் போட்டதில்லை. 1980-இல் வந்த அட்வென்ச்சர் கேமைத் தனி ஆளாகச் செய்த வாரன் ராபினெட், கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒரு சாம்பல் நிறப் புள்ளியை ஒளித்துவைத்தார். அதை எடுத்துப்போய்ச் சரியான இடத்தில் சேர்த்தால் ஒரு ரகசிய அறை திறக்கும், உள்ளே இதைச் செய்தது வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். விஷயம் வெளியே தெரிந்தபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார். இதே கோபத்தில் அட்டாரியிலிருந்து வெளியே வந்த நான்கு புரோகிராமர்கள் 1979-இல் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஆக்டிவிஷன், அங்கே செய்தவர் பெயர் வெளிப்படையாக வந்தது.

படி 1: முதலில் பட்டியல், ஜோக் அப்புறம்

இது சுவாரஸ்யமில்லாத வேலை, ஆனால் இதில் கோட்டைவிட்டால் மேலே எத்தனை சிரிப்பு வைத்தாலும் வீண். 2011-இல் எல்.ஏ. நுவார் வெளிவந்தபோது அதில் வேலை செய்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் விட்டுப்போயிருந்தது அல்லது தவறாக இருந்தது, முன்னாள் ஊழியர்கள் அதற்கென்று தனி இணையதளமே போட்டார்கள். 2023-இல் மெட்ராய்டு பிரைம் ரீமாஸ்டர்டு வந்தபோது மூல கேமைச் செய்தவர்களின் பெயர்கள் தனித்தனியாக இல்லை, பொதுவாக ஒரு வரியில் முடித்துவிட்டார்கள் என்று அவர்களே வருத்தப்பட்டார்கள்.

அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு ஷீட் திறந்து வையுங்கள்: பெயர், அவர் விரும்பும் எழுத்துக்கூட்டல், செய்த வேலை. நடுவில் விலகிப் போனவர், ஒரு வாரம் மட்டும் வந்து ஒலி செய்துகொடுத்தவர், சும்மா விளையாடிப் பார்த்து பக் (பிழை) சொன்னவர், எல்லோரும் அதில் இருக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு போனவரும்தான்.

அடுத்தது லைசென்ஸ். கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் உரிமத்தில் (செய்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமம்) எடுத்த இசைக்கோ படத்துக்கோ தலைப்பு, செய்தவர் பெயர், எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம் என்ற நான்கையும் போட்டுவிடுங்கள். எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் உள்ள கோட் என்றால் (கேம் செய்ய உதவும் கோடோ எஞ்சினும் இதில் அடக்கம்) அந்த உரிம வாசகத்தையே கேமுக்குள் எங்காவது வைக்க வேண்டும். ஆடியோ மிடில்வேர்களுக்கு (கேமின் ஒலிக்காகச் சேர்க்கும் வெளி மென்பொருள்கள்) லோகோ விதிகள் தனியாக இருக்கும், படித்துப் பாருங்கள். இந்தப் பகுதியில் மட்டும் ஜோக் அடிக்காதீர்கள். வக்கீல்கள் சிரிக்க மாட்டார்கள்.

படி 2: உங்கள் கேமின் வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள்

முழு வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான். பிளேயர் இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? குதித்தாரா, ஒளிந்தாரா, சமைத்தாரா, பெட்டி தள்ளினாரா? அந்தச் செயலைப் பெயர்கள் மீது செய்யவிட முடியுமா என்று முதலில் யோசியுங்கள். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம், கை தானாகப் போகும்.

2004-இல் நாம்கோ வெளியிட்ட கட்டமாரி டமாசி இதற்கு நல்ல உதாரணம். அந்த கேம் முழுக்க ஒரு பந்தை உருட்டிக்கொண்டே போவோம், அது குண்டூசியில் ஆரம்பித்து மனிதர்கள், கட்டடங்கள் என்று எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு பெரிதாகும். கிரெடிட்ஸ் வரும்போது அதே பந்தால் உலக உருண்டையின் மேல் இருக்கும் நாடுகளை உருட்டி எடுக்கலாம். கேம் எந்த இடத்தில் நின்றதோ அதற்கு ஒரு படி மேலே போய் முடிகிறது.

தட்கேம்கம்பெனியின் ஃபிளவர் கேமில் காற்றாக மாறி இதழ்களைப் பறக்கவிடுவோம், கிரெடிட்ஸிலும் அதே காற்று, பூவைத் தொட்டால் பெயர். கிட்டார் ஹீரோ 3-இல் பெயர்கள் ஓடும்போது டிராகன்ஃபோர்ஸ் இசைக்குழுவின் ஒரு பேய்வேகப் பாடலைக் கையில் கொடுத்துவிடுவார்கள், எத்தனை நோட்டைத் தவறவிட்டாலும் தோற்க முடியாது. வான்க்விஷ் சுடும் கேம், அதன் கிரெடிட்ஸில் விண்கற்கள் பறந்து வரும், ஒவ்வொன்றிலும் அந்த கேமைச் செய்தவரின் முகம். அநியாயமாகக் கஷ்டப்படுத்திய டிசைனரைப் பழிவாங்க ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

வினைச்சொல் கிடைக்கவில்லையா? கதையும் உரையாடலும் மட்டும் உள்ள கேம் என்றால் கிடைக்காமலும் போகலாம். அப்போது "யார் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று கேளுங்கள், அடுத்த படியில் போர்ட்டல் வரும்போது புரியும்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

எனக்குத் தெரிந்து வேலை செய்கிற வடிவங்கள் நான்குதான், மற்றவை பெரும்பாலும் இவற்றின் கலவை.

முதலாவது, பெயர்களே எதிரி. 1999-இல் நின்டெண்டோ 64-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸிலும், அதன் அடுத்த பாகமான 2001-இன் மெலீயிலும் பெயர்கள் விண்வெளியில் பறந்து வரும், குறிவைத்துச் சுடலாம். சண்டை கேமில் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை, படி 2-ஐ அப்படியே மீறுகிறார்கள். ஆனாலும் எனக்கு இது பிடிக்கக் காரணம் ஒரு சின்ன விஷயம்: பெயரைச் சுட்டால்தான் அவர் என்ன வேலை செய்தார் என்பது தெரியும். சுடுவதற்குப் பரிசே அந்தத் தகவல்.

அண்டர்டேலில் எல்லோரையும் காப்பாற்றி முடித்தால், நன்றிப் பகுதியில் நிதி கொடுத்தவர்களின் பெயர்கள் குண்டுகளாகப் பாயும், நாம் ஒதுங்க வேண்டும். எல்லாவற்றிலும் தப்பினால் ஸ்னோடின் பக்கம் அதுவரை திறக்காத கதவு ஒன்று திறக்கும். அருமையான யோசனை, ஆனால் என் கண்ணுக்கு ஒரு குறை: வேகம் கூடும்போது பெயர் பெயராகத் தெரிவதில்லை, வெறும் உருவமாகிவிடுகிறது. நீங்கள் இதைச் செய்தால் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிய பெயரைத் திரையோரத்தில் ஒரு விநாடியாவது நிறுத்திவையுங்கள்.

2017-இல் வந்த நியர்: ஆட்டோமேட்டாவின் ஐந்தாவது எண்டிங் சிரிப்புக்காகச் செய்ததல்ல, ஆனால் வடிவம் இதுவேதான். கேமில் ஹேக்கிங் செய்யும்போது வரும் சின்ன விண்கலம் திரும்ப வருகிறது, இந்த முறை எதிரில் இருப்பது தயாரித்தவர்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் சரமாரியாகச் சுடுகிறது. தனியாக ஜெயிப்பது மிகக் கடினம். திரும்பத் திரும்பச் செத்தால், விட்டுவிடுகிறாயா என்று கேட்கும், மறுத்துக்கொண்டே இருந்தால் உலகத்தின் ஏதோ மூலையில் விளையாடிய மற்றவர்களின் விண்கலங்கள் உங்களைச் சுற்றி வந்து நிற்கும். முடிவில், நீங்களும் யாரோ ஒருவருக்கு இப்படி உதவ உங்கள் சேவ் ஃபைலை அழிக்கச் சம்மதமா என்று ஒரு கேள்வி. ஆரம்பத்தில் "என்னடா இது, பெயர் சுடுகிறது" என்று சிரித்தவர்கள் இந்த இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பில் ஆரம்பித்து வேறெங்கோ கொண்டுபோய்விட இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது வடிவம், கதாபாத்திரம் நடத்தும் கிரெடிட்ஸ். 2007-இன் போர்ட்டலில் நாம் அப்போதுதான் அழித்த கிளாடோஸ் என்ற இயந்திரம், பழைய கம்ப்யூட்டர் டெர்மினலில் ரிப்போர்ட் எழுதுகிற தோரணையில் பாட ஆரம்பிக்கும். இடப்பக்கம் பாட்டு வரிகள் தட்டச்சாகும், வலப்பக்கம் மேலே பெயர்கள், கீழே எழுத்துக்களாலேயே வரைந்த படங்கள். ஜோனதன் கோல்டன் எழுதி எல்லன் மெக்லெய்ன் பாடிய ஸ்டில் அலைவ் அது. பிளேயர் எதையும் அழுத்த வேண்டியதில்லை, இருந்தும் எழுந்திருக்க மாட்டார், ஏனென்றால் சிரிப்பு முழுக்க அந்தக் கதாபாத்திரத்தின் வீம்பிலிருந்து வருகிறது. சின்ன டீமுக்கு இதுதான் செலவு குறைவான வழி: ஒரு குரல், ஒரு பாட்டு, ஒரு ஃபான்ட். பாட்டு எழுத ஆள் இல்லையென்றால் கதாபாத்திரம் பெயர்களைப் பார்த்து முணுமுணுத்தாலே போதும்.

மூன்றாவது, போலி கிரெடிட்ஸ். டாங்கி காங் கன்ட்ரி, 1994: கடைசி பாஸ் கிங் கே. ரூல் விழுந்ததும் பெயர்கள் ஓடத் தொடங்கும், பார்த்தால் அதில் இருப்பவர்கள் எல்லாம் எதிரிகள். ஏமாந்து கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர் தலையில் அந்த ஆள் எழுந்து குதிப்பான். இதைச் செய்தால் சுருக்கமாக முடியுங்கள், கவனமாகப் பார்ப்பவர் கண்டுபிடிக்க ஒரு துப்பு விடுங்கள், அடிபட்டவரை லெவல் ஆரம்பத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு கேமில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

நான்காவது, ஆல்பம். எர்த்பவுண்டில் கேம் முழுக்க சில இடங்களில் வானத்திலிருந்து ஒரு போட்டோகிராபர் இறங்கி வந்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துவிட்டுப் போவார். தொந்தரவு என்றுதான் தோன்றும். கடைசியில் அந்தப் படங்கள் கிரெடிட்ஸோடு வரிசையாக வரும்போதுதான் அவர் எதற்கு வந்தார் என்று தெரியும். இதை இன்று செய்வது எளிது: முக்கியமான இடங்களில் ஓசைப்படாமல் சின்ன அளவில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சேவ் ஃபைலோடு வையுங்கள். பிளேயர் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும் நொடியில் எடுத்தால் சிரிப்பு இலவசம்.

படி 4: வரிகளை எழுதுவது

உண்மையான வேலைப் பெயர் முதலில், வேடிக்கை அடுத்த வரியில். இதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மோபிகேம்ஸ் போன்ற தரவுத்தளங்கள் கிரெடிட்ஸை அப்படியே எடுத்துப் போடும், நாளை வேறு இடத்தில் வேலை கேட்கப் போகிறவர் அதைத்தான் காட்டுவார். அங்கே "தலைமை டீ விநியோகஸ்தர்" என்று மட்டும் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம்.

ஜோக் டீமுக்குள் மட்டும் புரிவதாக இருக்கக்கூடாது. பிளேயருக்குத் தெரிந்த ஒன்றோடு பெயரைக் கட்டுங்கள். லெவல் டிசைனர் பெயருக்குக் கீழே "மூன்றாம் லெவலில் அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்" என்று போட்டு, தயாரிப்பாளர் பெயருக்குக் கீழே "அதை மூட வேண்டாம் என்று சொன்னவர்" என்று போட்டால், பள்ளத்தில் விழுந்த ஒவ்வொருவரும் இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் போய், சேவ் ஃபைலிலிருந்து எண்ணிக்கையை எடுத்து, நடிகர் பட்டியலில் "பள்ளத்தில் விழுந்தவர்: நீங்கள், 37 முறை" என்று சேர்க்கலாம். சூப்பர் மரியோ வேர்ல்டு முடிவில் எதிரிகளை ஒவ்வொருவராகப் பெயரோடு காட்டுவது பலருக்கு நினைவிருக்கும். அடித்து முடித்த பிறகுதான் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்று தெரிவதே ஒரு சிரிப்பு.

தவிர்க்க வேண்டியவை: எந்த மிருகமும் துன்புறுத்தப்படவில்லை என்கிற வரி (எல்லோரும் போட்டுவிட்டார்கள், போதும்), ஒருவரின் உடலையோ ஊரையோ கிண்டலடிக்கும் வரி, சம்பந்தப்பட்டவரிடம் காட்டாத எந்த வரியும். இன்னொன்று, ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் காட்டுவது. 2015-இன் மெட்டல் கியர் சாலிட் 5-இல் ஒவ்வொரு மிஷனுக்கும் தனி டைட்டில் உண்டு, டைரக்டர் ஹிடியோ கோஜிமாவின் பெயர் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் ரசிகர்களே அதை ஜோக்காக்கிவிட்டார்கள். போதாததற்கு, மிஷன் தொடங்கும்போதே யார் யார் வரப்போகிறார்கள் என்பதும் அந்த டைட்டிலில் தெரிந்துவிடும்.

படி 5: நேரக் கணக்கு

1080 பிக்சல் உயரத் திரை, வரிக்கு 60 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் ஒரு நேரத்தில் 18 வரிகள் தெரியும். விநாடிக்கு 120 பிக்சல் வேகம் என்றால் ஒரு வரி கீழிருந்து மேலே போக 9 விநாடி, படிக்கத் தாராளம். 300 வரிப் பட்டியலின் மொத்தத் தூரம் 300 × 60 + 1080 = 19,080 பிக்சல், அதாவது 159 விநாடி.

இப்போது பாட்டு 180 விநாடி என்றால் பலரும் வேகத்தை 106-ஆகக் குறைப்பார்கள். அதைவிட 120-லேயே வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 120 என்பது ஃபிரேமுக்குச் சரியாக 2 பிக்சல், எழுத்து நடுங்காது. 106 என்றால் பின்னத்தில் போய் எழுத்து மினுமினுக்கும். மிச்சமிருக்கும் 21 விநாடிக்கு 2,520 பிக்சல் கிடைக்கிறது, 42 வெற்று வரிகள். அவற்றை ஜோக்குகளுக்கு முன்னும் பின்னும் பகிர்ந்து போடுங்கள். சிரிப்பு வரிக்கு அடுத்து இடைவெளி இல்லையென்றால் சிரிக்கிற நேரத்தில் நான்கு பேர் பெயர் ஓடிப்போய்விடும்.

பட்டியல் மிகப் பெரிது என்றால் நடுநடுவே காட்சி செருகுங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கதையின் மீதியைப் பெயர்களுக்கு இடையில்தான் காட்டுகிறது, அதைப் பார்ப்பதற்காகவே ஜனம் உட்கார்ந்திருக்கும்.

படி 6: பெயர்களைத் தமிழில் போடுகிறீர்கள் என்றால்

இங்கே தனிப் பொறிகள் இருக்கின்றன. யூனிட்டி எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவில் தமிழை நேராக ஒட்டினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். செல்வி என்ற பெயரைப் பார்த்து அவரே யார் இது என்று கேட்பார். கோடோ 4, அன்ரியல் ஆகிய எஞ்சின்களில் எழுத்தைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் உள்ளே இருப்பதால் இந்தப் பிரச்சினை வராது. யூனிட்டியில் தமிழை ஒழுங்காகக் கோக்கும் ப்ளகின் தேடுங்கள், கிடைக்காவிட்டால் பெயர்களைப் படமாக்கிச் சேர்த்துவிடுங்கள்.

போர்ட்டல் பாணியில் தட்டச்சு விளைவு வேண்டுமென்றால், ஒவ்வொரு யூனிகோட் குறியாக வெளியிடாதீர்கள். "க்" வரவேண்டிய இடத்தில் முதலில் "க" வந்து, அப்புறம் தலையில் புள்ளி விழும். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங்இன்ஃபோ வகுப்பு முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். அகர வரிசையில் அடுக்கும்போதும் சாதாரண சார்ட் ஏமாற்றும்: யூனிகோடில் ஜ என்பது ச-வுக்கு அடுத்தும், ன என்பது ந-வுக்கு அடுத்தும் இருக்கிறது. தமிழ் வரிசை தெரிந்த ஐசியூ நிரல்தொகுப்பின் கொலேஷனை (வரிசைப்படுத்தும் விதியை) பயன்படுத்துங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். தமிழ் எழுத்து அகலம் அதிகம், இரண்டு பத்தி அமைப்பில் பெயரும் வேலையும் இடித்துக்கொள்ளும், மேலே விசிறியும் கீழே கொக்கியும் வருவதால் வரி உயரமும் கூட வேண்டும். தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் உடையாத இடைவெளிக் குறியைப் போடுங்கள், இல்லையென்றால் "எஸ்." ஒரு வரியிலும் ஆள் அடுத்த வரியிலுமாக நிற்பார். ஃபான்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்ல தொடக்கம், திறந்த உரிமம்.

படி 7: தப்பிக்க வழி விடுங்கள்

கேட்பதற்கு முரணாக இருக்கும், ஆனால் ஸ்கிப் வேண்டும். பட்டனை ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் ஸ்கிப், லேசாக அழுத்தினால் வேகம் என்று வைத்தால் தவறுதலாகப் போகாது. இரண்டாம் முறை முடிப்பவரை முழுதும் பார்க்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். கிரெடிட்ஸ் தொடங்கும் முன்பே சேவ் ஆகிவிட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் பாஸை மறுபடி அடிக்கச் சொல்வது கொடுமை.

சுடும் வடிவமோ ஒதுங்கும் வடிவமோ வைத்தால், வேகமாகக் கை அசைக்க முடியாதவர்களுக்காக மெயின் மெனுவில் சாதாரணப் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும். திரை விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக்கூடாது, வலிப்பு வரும் ஆபத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். உரிமம் வாங்கிய பாட்டு என்றால் ஸ்ட்ரீமர்களுக்காக (விளையாடுவதை நேரலையில் காட்டுபவர்கள்) மாற்று இசைக்கு ஒரு செட்டிங் வையுங்கள்.

படி 8: யாரையாவது உட்காரவைத்துப் பாருங்கள்

டீமுக்கு வெளியே உள்ள ஒருவரைக் கடைசி பாஸிலிருந்து விளையாடச் சொல்லிவிட்டு, கிரெடிட்ஸ் ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: யார் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டு மட்டும் ஞாபகமிருந்து ஒரு பெயரும் இல்லையென்றால் படி 3-க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து, அடிபட்ட பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கி ஒன்றரை விநாடி நிறுத்தினாலே சரியாகிவிடும்.

பட்டியலை கேமுக்குள் செதுக்கி வைக்காமல் தனி டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படிக்கும்படி செய்யுங்கள், படமாகத்தான் போட்டாக வேண்டும் என்றால் அந்தப் படங்களும் ஃபைலிலிருந்து தானாக உருவாகட்டும். வெளியீட்டுக்கு மறுநாள் யாராவது கூப்பிட்டு, என் பெயரில் ஒரு கால் விட்டுப்போச்சு என்பார்கள், அதைத் திருத்த முழு பில்டையும் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. முதல் பேட்சில் பக் லிஸ்டோடு சேர்த்து விடுபட்ட பெயர்களையும் போட்டு, பேட்ச் குறிப்பில் அதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.